பாய்மரப் படகில் பத்து நாள்... உடம்பு என்ன சொல்லும்?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு வந்தால் 36. இந்த வளைவுகளையெல்லாம் தாண்டி எங்கள் எமரால்டுக்கு வந்து சேரும் விருந்தாளிகளில் பலர், வீட்டு வாசலில் முதலில் கேட்பது காபி அல்ல. ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு துண்டு எலுமிச்சையும்தான். முகம் வெளுத்திருக்கும். நெற்றியில் குளிர்ந்த வியர்வை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். "பித்தம் தலைக்கேறிடுச்சு டாக்டர்" என்பார்கள்.

சென்ற மாதம் இங்குள்ள தேயிலை ஃபேக்டரி ஒன்றில் கணக்கராக இருக்கும் ஒருவர் என்னிடம் வந்தார். மகள் புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கிறாள். என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். புதுச்சேரியிலிருந்து காரைக்கால் வரை கரையோரமாகவே பாய்மரப் படகில் போய்த் திரும்பும் பயணங்களை அந்தப் பிரிவினர் நடத்தியிருக்கிறார்கள். அது போன்ற பயணத்துக்குத் தன் பெயரையும் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள் மகள். அப்பா என்னைக் கேட்டார்: "பஸ்ல ஊட்டி போறதுக்குள்ளயே ரெண்டு தடவை வாந்தி எடுக்கிற பொண்ணு சார். பத்து நாள் கடல்ல போனா உடம்பு தாங்குமா? சம்மதம்னு கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா?"

கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அப்படிச் சொல்வதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பேசவேண்டியிருந்தது. அந்தப் பேச்சு உங்களுக்கும் பயன்படும். உங்கள் வீட்டுப் பிள்ளை கடற்படைக்குப் போகலாம், பாய்மரப் பயிற்சிக்குப் போகலாம். ஒன்றும் இல்லாவிட்டாலும் நீங்களே ராத்திரி பஸ்ஸில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து போகிறவர்தானே!

"ஆறாயிரம் அடிக்கு மேலே உட்கார்ந்திருக்கிற வைத்தியருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எமரால்டு அணையில் நான் அலை பார்த்ததில்லை. ஆனால் இந்தப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நிறைய உண்டு. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு 'ராமானுஜம்' கப்பலில் வந்தவர்கள். சில மணி நேரப் பயணம்தான். ஆனால் அன்று யார் யார் எங்கெங்கே வாந்தி எடுத்தார்கள் என்பதை இன்றைக்கும் வரிசையாகச் சொல்லும் பாட்டிமார்கள் எனக்கு நோயாளிகளாக இருக்கிறார்கள். தவிர, நான் படித்தது பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில். அங்கிருந்து தூத்துக்குடி ஒரு மணி நேரப் பயணம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

பாய்மரப் படகு என்றதும் சினிமாவில் வரும் வெள்ளைப் படகும், கூலிங் கிளாஸ் போட்ட பணக்காரரும் ஞாபகத்துக்கு வரலாம். நிஜத்தில் அது மிகச் சிறிய வீடு. ஒண்டுக்குடித்தனத்தின் ஒரு அறையை எடுத்து, அதைச் சாய்த்து வைத்து, இரவும் பகலும் ஆட்டிக்கொண்டே இருந்தால் எப்படியிருக்கும்? அதுதான் யாட். இந்தியக் கடற்படையின் 'தாரிணி' சுமார் 56 அடி நீளம். 2017 செப்டம்பரில் ஆறு பெண் அதிகாரிகள் அதில் கோவாவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றிவிட்டு 2018 மே மாதம் திரும்பினார்கள். அதே படகில் 2024 அக்டோபர் 2-ம் தேதி இரண்டே பெண்கள் கிளம்பினார்கள். கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, நம் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவு, கேப் டவுன் என்று நான்கு துறைமுகங்களில் மட்டும் நின்று, 2025 மே 29-ம் தேதி கோவா திரும்பினார்கள். எட்டு மாதம்! ஒருவர் விழித்திருந்தால்தான் இன்னொருவர் தூங்க முடியும்.

புதிதாக வந்த வீரம் என்றும் நினைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழர்கள் கட்டிய 'அன்னபூரணி அம்மாள்' என்ற பாய்மரக் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு போய் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். நீளம் தொண்ணூறு அடிக்கும் கொஞ்சம் குறைவு.

கடல் மயக்கம் எங்கிருந்து வருகிறது?

பித்தம் தலைக்கேறுகிறது என்று சொல்கிறோம். ஏறத் தூண்டுவது எது? உங்கள் காது!

காதுக்குள்ளே, கேட்பதற்கான உறுப்புக்குப் பக்கத்திலேயே, நீர் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்த நீர் அசைந்து மூளைக்குத் தகவல் சொல்லும். படகின் உள் அறையில் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது கண் என்ன சொல்கிறது? "சுவர் அசையவில்லை, பெஞ்சு அசையவில்லை, எல்லாம் அப்படியேதான் இருக்கு." காது என்ன சொல்கிறது? "ஆடுது, ஆடுது!" இரண்டு சாட்சியும் முரண்பட்டால் மூளை குழம்புகிறது. அந்தக் குழப்பத்தின் முடிவுதான் குமட்டல். உள் காதின் இந்தப் பகுதி முழுவதுமாகச் செயலிழந்தவர்களுக்குக் கடல் மயக்கமே வருவதில்லை என்பது இதற்கு நல்ல அத்தாட்சி. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அபூர்வம். இரண்டிலிருந்து பன்னிரண்டு வரை அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம்.

பஸ்ஸில் புத்தகம் படித்தால் ஏன் குமட்டுகிறது, டிரைவருக்கு ஏன் குமட்டுவதே இல்லை என்பதும் இப்போது புரிந்திருக்கும். டிரைவருக்கு அடுத்த வளைவு முன்கூட்டியே தெரியும். படகிலும் அதே கதைதான். குமட்டுகிறவரை உள்ளே படுக்கவைத்துப் போர்த்திவிடுவதைவிட, மேல்தளத்துக்குக் கூட்டிவந்து, காற்றுப்பட, தூரத்தில் வானமும் கடலும் தொடும் கோட்டைப் பார்க்கவைத்து, சுக்கானைக் கையில் கொடுத்துவிடுவது பாதி வைத்தியம். வேலை செய்கிற கைக்கு மயக்கம் குறைவு. இதற்கு மேலும் முடியாதவர், படகின் நடுப்பகுதியில், தாழ்வான இடத்தில், கண்ணை மூடி மல்லாந்து படுக்கவேண்டும். ஆட்டம் குறைவாக இருக்கும் இடம் அதுதான். முன்பக்கம் படுத்தால் ஊஞ்சலில் ஏற்றிவிட்ட மாதிரி இருக்கும்.

இஞ்சிக்கு வருவோம். பஸ் ஸ்டாண்டில் இஞ்சி மரப்பா விற்கிறவரை வெள்ளைக்கார டாக்டர்கள் கிண்டல் செய்த காலம் உண்டு. 1988-ல் டென்மார்க்கில் ஒரு பரிசோதனை வெளியானது. கடலுக்குப் பழகாத 80 கடற்படைப் பயிற்சி மாணவர்களை அலை அதிகமான கடலில் வைத்து, ஒரு பகுதியினருக்கு ஒரு கிராம் இஞ்சிப் பொடியும் மற்றவர்களுக்குச் சும்மா மாத்திரையும் கொடுத்தார்கள். இஞ்சி சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் குளிர்ந்த வியர்வையும் நன்றாகவே குறைந்தன. தலைசுற்றலும் குமட்டலும் அவ்வளவு தெளிவாகக் குறையவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இஞ்சி சர்வரோக நிவாரணி என்று நானும் ஒரு பொய் சொல்லவேண்டியதில்லை. வாந்தியைக் குறைக்கும். அதுவே கடலில் பெரிய விஷயம்.

அரை டீஸ்பூன் சுக்குப் பொடியைத் தேனில் குழைத்து, கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் சாப்பிடுங்கள். அப்புறம் நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு துண்டு இஞ்சி மரப்பா. ஏலக்காயை வாயில் அடக்கிக்கொள்ளலாம். குடல்புண் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் சுக்கை இப்படித் தொடர்ந்து சாப்பிடவேண்டாம். அவோமின் போன்ற மாத்திரைகளும் வேலை செய்யும். ஆனால் முதல் நாள் இரவோ, கிளம்ப இரண்டு மணி நேரத்துக்கு முன்போ போட்டால்தான். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். தூக்கமும் வரும். தூக்கக் கலக்கத்தோடு பாய்க்கயிற்றைப் பிடிக்கக்கூடாது.

வெறும் வயிறும் வாந்தியைக் கொண்டுவரும். நிறைந்த வயிறும் கொண்டுவரும். அரை வயிறு. அதுவும் ஆவியில் வெந்தது. கிளம்புகிற காலையில் அம்மா ஆசையாகச் சுட்டுத்தரும் பூரி வேண்டவே வேண்டாம்.

பதினான்கு வேகங்கள்

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. கடல் மயக்கம் பெரும்பாலானவர்களுக்கு மூன்று நாளில் அடங்கிவிடும். மூளை பழகிவிடும். அதற்குப் பிறகு படகில் மனிதர்களைப் படுக்கவைப்பது வேறு காரணங்கள்.

சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒரு பாடம் உண்டு. உடம்பு தானாகக் கேட்கும் பதினான்கு காரியங்கள். வாயு பிரிதல், தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், விந்து, மூச்சு. இவற்றை அடக்கக்கூடாது, அடக்கினால் இன்னின்ன நோய் வரும் என்று நூல்கள் சொல்கின்றன. கல்லூரியில் இதை மனப்பாடம் செய்தபோது, இது என்ன பெரிய சாஸ்திரம், எவனாவது வேண்டுமென்றே அடக்குவானா என்று நண்பர்கள் சிரித்தோம். வாழ்க்கையில் அடக்கவேண்டிய நிர்ப்பந்தம் எத்தனை இடத்தில் வருகிறது என்பதை அந்த வயதில் யார் நினைத்துப் பார்க்கிறார்கள்!

சிறுநீரிலிருந்தே ஆரம்பிக்கலாம். நம் வீட்டுப் பெண்கள் வெளியூர்ப் பயணம் என்றால் முதல் நாளிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். வழியில் ஒதுங்க இடம் இருக்காதே என்ற பயம். படகிலும் இதேதான் நடக்கிறது. யாட்டில் கழிவறை உண்டு. ஆனால் அலமாரி அளவுதான் இருக்கும். கையால் பம்ப் அடித்துக் கடல்நீரை உள்ளே இழுத்து, மறுபடியும் பம்ப் அடித்து வெளியே தள்ளவேண்டும். படகு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது அதில் உட்காருவதே ஒரு ஆசனம். திறந்த பயிற்சிப் படகில் அதுவும் கிடையாது. ஆகவே "கரைக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று அடக்குகிறார்கள். அடக்குவதற்காகத் தண்ணீர் குடிப்பதில்லை. வெயிலும் உப்புக்காற்றும் உடம்பை உலர்த்திக்கொண்டே இருக்க, மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு, தலைவலி, அடிவயிற்றில் வலி. சிறுநீரை அடக்கினால் நீரடைப்பு, சந்துகளில் நோவு என்று நூல் சொல்வதைச் சிறுநீர்த் தொற்று என்று இன்றைக்குச் சொல்கிறோம்.

வழி சுலபம். மூடிபோட்ட ஒரு வாளி, ஒரு மறைப்புத் துணி. பெண்கள் போகும் படகில் இந்த இரண்டையும் முதலில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கணக்கர் தன் மகளுக்காகப் பயிற்சியாளரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி என்று நான் எழுதிக்கொடுத்தது இதைத்தான். லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி அவர்களே சொல்வார்கள். இதை யாரும் சொல்லமாட்டார்கள். மாதவிலக்கு நாட்களுக்கும் இதே ஏற்பாடு போதும். நாப்கினை ஈரம் புகாத டப்பாவில் எடுத்துப்போகவேண்டும், பயன்படுத்தியதைக் கட்டிவைத்துக் கரைக்குக் கொண்டுவரவேண்டும். அவ்வளவுதான். அந்த நாட்களுக்காக மாத்திரை போட்டுத் தள்ளிப்போடுவதை ஒரு பத்து நாள் பயணத்துக்காக நான் சிபாரிசு செய்வதில்லை.

ஆண்களுக்கும் வாளிதான். படகின் ஓரத்தில் நின்றபடி கடலில் சிறுநீர் கழிக்கப்போய்த் தவறி விழுவது பாய்மரப் படகுகளில் நடக்கும் விபத்து. ஓரத்தில் குனிந்து வாந்தி எடுக்கும்போதும் அப்படியே. இரவு நேரம், எல்லாரும் தூங்கும் நேரம், இடுப்பில் கயிறு இல்லை. விழுந்தது யாருக்கும் தெரியாது. வாந்தியும் ஒரு வேகம்தான், அடக்கவேண்டாம். ஆனால் உட்கார்ந்து வாளியில் எடுங்கள். வெட்கம் உயிரைவிடப் பெரிதல்ல.

வாளியில் இன்னொரு லாபம் இருக்கிறது. சித்த வைத்தியத்தில் 'நீர்க்குறி' பார்ப்பது என்று உண்டு. சிறுநீரின் நிறம், மணம், எடை, நுரை, எஞ்சல் இவற்றைப் பார்த்து உடம்பின் நிலையை அறிவது. நீங்கள் அவ்வளவு தூரம் போகவேண்டாம். நிறம் மட்டும் பாருங்கள். வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. டீ டிக்காக்‌ஷன் நிறத்துக்குப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது மலம். படகில் ஏறிய முதல் மூன்று நாள் பலருக்கு வெளியே போவதே இல்லை. ஆட்டம், கூச்சம், குறைந்த தண்ணீர், காய்கறி இல்லாத சாப்பாடு எல்லாம் சேர்ந்துகொள்ளும். தலைவலி, உடம்பு அசதி, ஓயாத வாயு என்று நூல் சொல்லும் வரிசை அப்படியே வரும். இரவில் அரை டீஸ்பூன் கடுக்காய்ப் பொடி, வெந்நீரில். கர்ப்பிணிகளுக்கு இது கூடாது. முதலில் அவர்களுக்கு இந்தப் பயணமே வேண்டாம். காலையில் எழுந்ததும் வேலையில் இறங்குமுன் சூடாக ஏதாவது குடித்துவிட்டுப் பத்து நிமிஷம் அதற்கென்று ஒதுக்கவேண்டும்.

தூத்துக்குடித் தோணியில்...

இப்போது அந்தக் கதை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் பாய் விரித்து ஓடும் சரக்குத் தோணிகள் இருந்தன. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போகும். என்னோடு படித்தவனின் பெரியப்பா ஒரு தோணிக்குத் தண்டல், அதாவது கேப்டன். ஒரு லீவு நாளில் பழைய துறைமுகத்தில் நின்றிருந்த தோணிக்கு எங்களை அழைத்துப்போனார்.

நான் முதலில் தேடியது சமையலறையை. மேல்தளத்தில், மணல் பரப்பிய ஒரு மரப்பெட்டி. அதற்குள் விறகு அடுப்பு. பண்டாரி என்கிற சமையல்காரர் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கழிவறை? பின்பக்கத்தில் கடலுக்கு மேலே தொங்கும் மரக்கூண்டு, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பூட்டு! அதன் சாவி தண்டல் இடுப்பில். "சோத்துக்குச் சண்டை வராது தம்பி, தண்ணிக்குத்தான் வரும்" என்றார். புதுப் பையன்களுக்கு வாந்தி வந்தால் என்ன மருந்து அண்ணாச்சி என்று நாங்கள் ஆர்வமாக நோட்டை எடுத்தோம். "மருந்தா? வாளியக் கையில குடுத்துத் தளத்தக் கழுவச் சொல்லுவேன். நார்த்தங்கா ஊறுகாய வாயில வச்சுக்கிடச் சொல்லுவேன். மூணு நாளு. பொறவு ஒண்ணும் செய்யாது" என்று சிரித்தார். வேலை, காற்று, புளிப்பு, காலம்! நான் இப்போது இரண்டு பக்கத்தில் எழுதியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

சமையலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நவீன யாட்டில் கேஸ் அடுப்பு இரண்டு பக்கமும் அச்சில் தொங்கும். படகு சாய்ந்தாலும் அடுப்பு ஊஞ்சல் மாதிரி ஆடிச் சமமாகவே நிற்கும். ஆனால் சமைப்பவர் சமமாக நிற்கமாட்டார்! படகுகளில் தீக்காயமும் கொதிநீர்க் காயமும் இப்படித்தான் வருகின்றன. ஆழமான பாத்திரம் அல்லது பிரஷர் குக்கர், பாதி அளவு மட்டுமே நிரப்புவது, நல்ல வெயிலிலும் சமைக்கும்போது கால்வரை மூடிய உடை. எண்ணெய்ச் சட்டி வைக்கவே கூடாது. அப்பளம் கரைக்கு வந்த பிறகு சாப்பிட்டுக்கொள்ளலாம்.

எதைச் சமைப்பது? இதில் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஃபிரிட்ஜ் இல்லாமல் படகில் பல நாள் தாங்கும் காய்கள் எவை என்று கேட்டால் முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் என்று மாலுமிகள் சொல்வார்கள். எமரால்டிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரியில் இறங்கும் சரக்கும் இதேதான்! கழுவாமல், மண்ணோடு, காற்றோட்டமான வலைப்பையில் தொங்கவிட்டால் ஒரு வாரத்துக்குக் கவலை இல்லை. கோஸை வெட்டாமல் மேல் இலையை ஒவ்வொன்றாக உரித்து எடுக்கவேண்டும்.

கோஸ் என்றால் நாம் அலட்சியம் செய்கிறோம். பழைய பாய்மரக் கப்பல்களில் ஈறு வீங்கி, பல் ஆடி, பழைய காயம் மறுபடி திறந்து, ஆயிரக்கணக்கில் மாலுமிகள் செத்தது வைட்டமின் சி இல்லாத சாப்பாட்டால்தான். ஸ்கர்வி என்று பெயர். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கப்பல் டாக்டர், நோயுற்ற 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் சீக்கிரம் எழுந்து நின்றார்கள். ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படை எல்லாக் கப்பலுக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க ஆரம்பித்தது 1795-ல்! மருந்து கண்டுபிடித்து ஏறக்குறைய ஐம்பது வருஷம். ஆபீஸ் ஃபைல் என்றால் எந்த நாட்டிலும் ஒரே வேகம்தான் போலிருக்கிறது. கேப்டன் குக் தன் கப்பலில் ஏற்றிப்போனது புளிக்கவைத்த கோஸ்.

பத்து நாளில் யாருக்கும் ஸ்கர்வி வராது, பயப்படாதீர்கள். ஆனால் தினம் ஒரு நெல்லிக்காயோ, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோ வாய்க்கும் வயிற்றுக்கும் நல்லது. மற்றபடி காலையில் புழுங்கலரிசிக் கஞ்சி, மதியம் எலுமிச்சை சாதம் அல்லது பருப்பு சாதம், இரவு அவல் உப்புமா. கையில் எப்போதும் பொரிகடலை, வெல்லம், பேரீச்சை. இரவில் விழித்திருப்பவருக்கு இரண்டு மணிக்கு ஒரு பசி வரும், பிஸ்கட்டில் அடங்காத பசி. பசியும் அந்தப் பதினான்கில் ஒன்று.

தண்ணீர்க் கணக்கு

ஒரு ஆளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வையுங்கள். நாலு பேர், ஏழு நாள் என்றால் 112 லிட்டர். அதற்கு மேல் ஒரு நாள் உபரி. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் ஊற்றக்கூடாது. கேன் கேனாகப் பிரித்து வைக்கவேண்டும். அபிலாஷ் டோமி 2012 நவம்பரில் 'மாதேயி' படகில் மும்பையிலிருந்து தனியாகக் கிளம்பி, எங்கேயும் நிற்காமல் உலகைச் சுற்றி 2013 மார்ச் 31-ல் திரும்பினார். நிற்காமல் தனியாகச் சுற்றிய முதல் இந்தியர். அந்தப் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் அவருடைய நல்ல தண்ணீரில் டீசல் கலந்துவிட்டது. சுற்றிலும் தண்ணீர், குடிக்கக் கொஞ்சம்தான். மழையை நம்பவேண்டி வந்தது.

"கொஞ்சம் கடல் தண்ணியைக் குடிச்சுச் சமாளிக்கலாமே?" என்று என் மருந்தகத்தில் ஒரு பையன் கேட்டான். கூடவே கூடாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த அளவு உப்பை அந்த ஒரு லிட்டர் தண்ணீரைக்கொண்டே வெளியேற்ற நம் சிறுநீரகத்தால் முடியாது. உடம்பில் இருக்கிற நல்ல தண்ணீரையும் சேர்த்து எடுத்துத்தான் கழுவித் தள்ளும். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடும்.

வாந்தி நிற்காதவருக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி எடுத்த கையோடு ஒரு டம்ளர் குடித்தால் திரும்ப வந்துவிடும். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன், பொறுமையாக. ஒரு நாள் முழுக்க எதுவுமே தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, பேச்சு குழறுகிறது என்றால் வீரம் பேசாமல் படகைக் கரைக்குத் திருப்பவேண்டும். கரையோரப் பயணத்தின் நன்மையே அதுதானே. சோழமண்டலக் கரையில் நினைத்த இடத்தில் ஒதுங்க முடியாது, கரையில் அலை அடித்துப் புரட்டிவிடும். புதுச்சேரி, கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம் என்று துறைமுகத்தைப் பார்த்துத்தான் போகவேண்டும். அதனால் முடிவை முன்கூட்டியே எடுங்கள்.

தூக்கம்

பாய்மரப் படகில் ராத்திரி என்று ஒன்று கிடையாது. மூன்று மணி அல்லது நாலு மணி நேர முறைக்காவல்தான். பத்து மணிக்குப் படுத்தால் ஒரு மணிக்கு எழுப்பிவிடுவார்கள். நம் கடற்கரையில் இது கட்டாயம். இரவெல்லாம் விசைப்படகுகள், விளக்கில்லாத நாட்டுப்படகுகள், விரித்த வலைகள். ஒரு கண் எப்போதும் விழித்திருக்கவேண்டும். விடியும் முன் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும், மதியத்துக்கு மேல் கடலிலிருந்து கரைக்குத் திரும்பும். இந்தக் காற்றை வைத்துத்தான் மீனவர்கள் தொழிலுக்குப் போய்த் திரும்பினார்கள். ஆக, வேலை அதிகமான நேரம் உங்களுக்குத் தூக்கம் வருகிற நேரம்தான்.

தூக்கத்தை அடக்கினால் தலைக்கனம், கண் சிவப்பு, தெளிவில்லாத பேச்சு என்கிறது நூல். மூன்றாவது நாள் காலையில் எந்தப் படகிலும் இந்த மூன்றையும் பார்க்கலாம். சின்ன விஷயத்துக்குக் கோபம் வருவதை நாலாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் தூங்காதே என்று சித்த வைத்தியர்கள் நாங்கள் சொல்வது, இரவு முழுக்கத் தூங்குகிறவருக்கு. படகில் பகல் தூக்கம் மருந்து. காவல் முடிந்தவுடன் ஈர உடையைக் கழற்றி, காலைத் துடைத்து, படுத்துவிடவேண்டும். செல்ஃபோன் பார்க்கும் இடம் அது அல்ல. படுக்கையின் ஓரத்தில் கான்வாஸ் துணியைத் தூக்கிக் கட்டித் தொட்டில் மாதிரி ஆக்கிவிடுவார்கள், உருண்டு விழாமல் இருக்க. பழகியவர்கள் வீட்டுக் கட்டிலைவிட நன்றாகத் தூங்கினோம் என்பார்கள்.

தோலும் கண்ணும்

உப்புநீரில் சாதாரணச் சோப்பு நுரைக்காது. உடம்பில் உலர்ந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் துணியும் காயாது, தோலும் காயாது. ஈரக் கால்சட்டையோடு நாள் முழுக்க உட்கார்ந்தால் பிட்டத்திலும் தொடையிலும் கொப்புளம் கிளம்பும். பார்க்கச் சின்னது. ஆனால் உட்கார முடியாமல் ஒரு மாலுமியை உபயோகமற்றவராக ஆக்கிவிடும். கடல்நீரில் குளித்தாலும் கடைசியில் ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் துடைத்து, நன்றாக உலர்த்தி, மெல்லியதாகத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். உள்ளாடை பருத்தியாக, தையல் உறுத்தாததாக இருக்கட்டும்.

வெயில் தலைக்கு மேலிருந்து மட்டும் வருவதில்லை. தண்ணீரிலும் வெள்ளைப் பாயிலும் பட்டுத் திரும்பி, தாடைக்குக் கீழேயும் மூக்குத்துவாரத்தின் ஓரத்திலும்கூடச் சுடும். முழுக்கைச் சட்டை, கயிறு கட்டிய தொப்பி, கறுப்புக் கண்ணாடி. வயதான மீனவர்களின் கண்ணில் வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் சதை படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வருஷக்கணக்கான வெயிலின் வேலை அது. கண்ணாடி ஸ்டைலுக்கு அல்ல.

யார் போகக்கூடாது? சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், வலிப்பு கட்டுப்படாதவர்கள், இன்சுலின் போட்டுக்கொண்டு சரியான நேரத்துக்குச் சாப்பிட முடியாதவர்கள், கர்ப்பிணிகள். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குக் கடல் மயக்கம் அதிகமாக வரும், தெரிந்துகொண்டு போகலாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் பருவம், யாருமே போகவேண்டாம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள்.

பயணம் முடிந்து இறங்கிய பிறகு இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. வீட்டுத் தரை ஆடும்! குளியலறையில் கண்ணை மூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது சுவரைப் பிடிக்கவேண்டி வரும். கடலுக்குப் பழகிய மூளை கரைக்குப் பழகவேண்டும், அவ்வளவுதான். ஒன்றிரண்டு நாளில் சரியாகும். அந்த நாட்களில் டூ-வீலர் ஓட்டாமல், மாடிப்படியில் கைப்பிடியை விடாமல், வெறுங்காலோடு நிறைய நடங்கள். ஒரு மாதம் தாண்டியும் தரை ஆடிக்கொண்டே இருந்தால் சுக்கும் தேனும் போதாது, காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டவேண்டும்.